சுனாமியைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

இன்று பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகள் யாரும் 2004 டிசம்பர் 26 அன்று பிறந்திருக்கவில்லை. நமக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை நேற்று போல இருக்கிறது. அவர்களுக்கோ அது கடற்கரையில் நிற்கும் ஒரு நினைவுத்தூண். "இது என்னம்மா?" என்று எட்டு வயதுப் பிள்ளை கேட்டால், "பெரிய அலை வந்துச்சு, நிறைய பேர் செத்துட்டாங்க, வா போலாம்" என்று முடித்துவிடுகிறோம். இல்லையென்றால் கைப்பேசியில் பழைய காணொலியைத் தேடிக் காட்டுகிறோம். முதலாவதில் பிள்ளைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. இரண்டாவதில் பயம் மட்டும் கிடைக்கிறது.

இன்னொரு வழி இருக்கிறது. பிழைத்தவர்களின் கதையை, பிறரைப் பிழைக்க வைத்தவர்களின் கதையைச் சொல்வது. நம்பிக்கை தரும் கதை என்றதும், இழப்பை மூடி மறைத்துச் சர்க்கரை பூசுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். கதையைத் தேர்ந்தெடுப்பதில் கவனமாக இருந்தால் அப்படி ஆகாது. நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இதுதான்: கதையில் வருபவர் எதையோ தெரிந்துவைத்திருக்க வேண்டும், அதை வைத்து எதையோ செய்திருக்க வேண்டும். அதிர்ஷ்டத்தால் தப்பியவர் கதை கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

இதற்கு என் முதல் தேர்வு சிமுலுவே. இந்தோனேசியாவில் சுமத்ராவின் மேற்குக் கரையை ஒட்டிய தீவு. 2004 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த இடங்களில் ஒன்று. நிலம் ஆடிய சில நிமிடங்களிலேயே அங்கே அலை வந்துவிட்டது. எச்சரிக்கை விட யாருக்கும் நேரமில்லை. தீவின் மக்கள்தொகை சுமார் 78,000. இறந்தவர்கள் 7 பேர். பக்கத்திலேயே பெருநிலமான ஆச்சே மாநிலத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது இந்தத் தீவு மட்டும் எப்படித் தப்பியது?

1907இல் அங்கே ஒரு பெரிய சுனாமி வந்து ஏராளமானவர்களைக் கொண்டுபோயிருந்தது. பிழைத்தவர்கள் அதை 'ஸ்மோங்' என்று அழைத்தார்கள். அதைத் தாலாட்டிலும் நாட்டுப்பாடல்களிலும் வைத்தார்கள். பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னார்கள். சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: நிலம் பலமாக ஆடி, பிறகு கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்க நிற்காதே, மேட்டுக்கு ஓடு. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் அந்தக் கதை வீட்டுக்கு வீடு இறங்கி வந்தது. 2004இல் நிலம் ஆடியதும் "ஸ்மோங்! ஸ்மோங்!" என்று கத்திக்கொண்டே மக்கள் மலைக்கு ஓடினார்கள். 1907ஐ நேரில் பார்த்தவர்கள் அப்போது கிட்டத்தட்ட யாருமே இல்லை. கதை கேட்டு வளர்ந்தவர்கள்தான் ஓடினார்கள்.

இதைச் சொல்லும்போது பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்: "கடல் ஏன் உள்வாங்குது?" அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கடலடித் தரை திடீரென்று மேலே எழும்பும்போதோ கீழே இறங்கும்போதோ, அதன்மேல் நிற்கும் மொத்தத் தண்ணீரும் சேர்ந்து அசைகிறது. ஆழ்கடலில் இந்த அலை மணிக்கு சுமார் 800 கிலோமீட்டர் வேகத்தில், விமானம் போல ஓடும். ஆனால் உயரம் ஒரு மீட்டர்கூட இருக்காது. அன்று ஆழ்கடலில் இருந்த நம் மீனவர்கள் பலருக்கு, படகுக்கு அடியில் அது கடந்து போனதே தெரியவில்லை. கரைக்குத் திரும்பியபோதுதான் தெரிந்தது. ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் குறையும், பின்னால் வரும் தண்ணீர் முன்னால் உள்ளதை நெருக்கும், உயரம் கூடும். அலையின் பள்ளம் முதலில் கரைக்கு வந்தால் கடல் உள்வாங்கும். முகடு முதலில் வந்தால் எந்த அடையாளமும் இல்லாமல் தண்ணீர் நேரே ஏறிவிடும். ஆகவே கடல் உள்வாங்கினால் ஓடு என்பது சரி. உள்வாங்கவில்லை, ஆகவே பயமில்லை என்பது தவறு. இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. புதுச்சேரியின் நல்லவாடு மீனவ கிராமம். சுமத்ராவில் நிலம் ஆடியபோது நமக்கு மணி காலை 6.29. நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த இடைவெளியில் நம் கரையில் கிட்டத்தட்ட யாரிடமும் தகவல் இல்லை. அன்றைய பெரும் துயரமே அதுதான். நல்லவாட்டைச் சேர்ந்த ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் பேசி எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் ஒரு தகவல் மையம் நடத்திவந்தது. அன்றாடம் கடல் நிலவரமும் மீன் விவரமும் சொல்லும் ஒலிபெருக்கி அங்கே இருந்தது. அதே ஒலிபெருக்கியில் ஊரைவிட்டு வெளியேறச் சொல்லி அறிவித்தார்கள். படகுகள் போயின, வீடுகள் போயின. சுமார் 3,600 பேர் இருந்த ஊரில் மக்கள் தப்பினார்கள்.

வெளியூரில் அப்பாவோ மாமாவோ வேலை செய்யும் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் நிறைய உண்டு. அவர்களுக்கு இந்தக் கதை சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

தாய்லாந்தின் புக்கெட் தீவில், மாய் காவ் கடற்கரையில், கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்துப் பெற்றோரை எச்சரித்த 10 வயது ஆங்கிலேயச் சிறுமி டில்லி ஸ்மித்தின் கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். இரண்டு வாரம் முன்புதான் புவியியல் வகுப்பில் சுனாமி பற்றிப் படித்திருந்தாள். சுமார் நூறு பேர் கடற்கரையைவிட்டு வெளியேறினார்கள். "பாடம் எதுக்குப் பயன்படும்?" என்று கேட்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்.

இனி எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம். "நல்லவர்களைக் கடவுள் காப்பாற்றினார்" என்ற வகைக் கதைகளை வகுப்பில் சொல்லவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கீச்சாங்குப்பத்திலோ அக்கரைப்பேட்டையிலோ, பாட்டியையும் சித்தப்பாவையும் படத்தில் மட்டும் பார்த்து வளரும் ஒரு பிள்ளை அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். தன் வீட்டில் இறந்தவர்கள் நல்லவர்கள் இல்லையா என்று அது யோசிக்கும்.

ஜப்பான்காரர்கள் இந்த விஷயத்தில் காட்டிய கவனம் நமக்குப் பாடம். 2011 சுனாமியில் கமாய்ஷி நகரத்தின் பள்ளிப் பிள்ளைகள் கிட்டத்தட்ட 3,000 பேர், தொடர்ந்து பெற்ற பயிற்சியால் தப்பினார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். உலகம் அதைக் 'கமாய்ஷி அற்புதம்' என்று கொண்டாடியது. ஆனால் அதே ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போயிருந்தார்கள். அதனால் அந்த ஊரில் பலருக்கு 'அற்புதம்' என்று அதை அழைப்பதில் உடன்பாடில்லை. அதே சுனாமியில், வேறொரு நகரமான இஷினோமாக்கியின் ஒகாவா தொடக்கப் பள்ளியில், 74 மாணவர்கள் இறந்தார்கள். பெரிய பிள்ளைகளுக்கு, எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால், இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லலாம். சின்னவர்களுக்கு முதல் கதை போதும். கூடவே "நிறைய பேர் இறந்துபோனார்கள், எல்லோருக்கும் அது பெரிய துக்கம்" என்ற ஒரு வரியை மறைக்காமல் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் கேட்ட அளவுக்குப் பதில். காணொலி வேண்டாம். திரும்பத் திரும்ப ஓடும் காட்சியை, ஒவ்வொரு முறையும் புதிதாக நடப்பதாகவே சிறு குழந்தைகள் எடுத்துக்கொள்வார்கள்.

அலை போன பிறகு நடந்ததும் கதைதான். ஜப்பானில் ஹமாகுச்சி கோர்யோ என்றொரு சோயா சாஸ் வியாபாரி இருந்தார். 1854இல் ஹிரோ என்ற ஊரில் இரவு நேரத்தில் சுனாமி தாக்கியபோது, இருட்டில் வழி தெரியாமல் தவித்தவர்களுக்கு மேட்டுப்பக்கம் எது என்று காட்ட, வயலில் இருந்த நெற்போர்களுக்குத் தீ வைத்தார். பிள்ளைகள் இதைக் கண் விரியக் கேட்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அடுத்து அவர் செய்த வேலை. எல்லாம் இழந்து ஊரைவிட்டுப் போகத் தயாரானவர்களுக்குக் கூலி கொடுத்து, தன் பணத்தில் கடலோரம் சுமார் 600 மீட்டர் நீளத்துக்கு ஐந்து மீட்டர் உயரத்தில் கரை கட்டினார். சில ஆண்டுகள் பிடித்தன. கிட்டத்தட்ட 90 ஆண்டு கழித்து 1946இல் மறுபடி சுனாமி வந்தபோது அந்தக் கரை ஊரின் பெரும்பகுதியைக் காத்தது.

நாகப்பட்டினத்திலும் இப்படி நீண்ட காலம் நடந்த வேலை உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகம் தொடங்கப்பட்டது. அங்கே வளர்ந்தவர்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், குடும்பமானார்கள். சுனாமிக்குப் பிறகு மாவட்ட ஆட்சியராகப் பொறுப்பேற்ற ஜெ. ராதாகிருஷ்ணன் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் முன்னால் நின்றார். அந்தக் காலையில் நம் கரைக்குச் சொல்ல ஆள் இல்லாமல் போன நிலையும் மாறியிருக்கிறது. 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இரவு பகலாக இயங்குகிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிசம்பர் 26 அரையாண்டு விடுமுறையில் வந்துவிடுகிறது. அன்று வகுப்பில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். ஹமாகுச்சியின் கதையை நினைவில் வைத்து ஐ.நா. சபை நவம்பர் 5ஐ உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக அறிவித்திருக்கிறது. அன்று ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். கடலோர ஊர் என்றால், 2004ஐப் பார்த்த ஒரு மீனவப் பெரியவரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பள்ளியிலிருந்து மேட்டுக்குப் போகும் வழியை ஒருமுறை நடந்து காட்டுங்கள்.