சும்மா கிடக்கும் ரெசிஸ்டரும் சீறும், தெரியுமா?

பேட்டரி இல்லை, ஒயர் இல்லை. மேசையில் சும்மா கிடக்கிற ரெசிஸ்டருக்குள்ளேயே இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கிறது, தெரியுமா? வெப்பத்தில் எலக்ட்ரான்கள் துள்ளுவதை நிறுத்துவதே இல்லை! இந்த இரைச்சலை ஆய்வாளர் ஜான்சன் அளந்து காட்ட, இன்னொரு ஆய்வாளர் நைக்விஸ்ட் கணக்குப் போட்டு விளக்க, இருவர் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன.

1 மெகா ஓம் ரெசிஸ்டரில், காது கேட்கிற 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் சேர்த்தால் சுமார் 18 மைக்ரோவோல்ட். பூ, இவ்வளவுதானா? வீட்டில் ஈயம் பற்றவைத்துச் செய்த கிட்டார் டிஸ்டார்ஷன் பெடல் அதை 1,000 மடங்கு பெருக்கினால் 18 மில்லிவோல்ட்! வேடிக்கை இனிமேல்தான். கிட்டாரின் ஒலி பெடலுக்குள் இருக்கும் சிலிக்கான் டயோடில் முட்டி 0.6 வோல்ட் பக்கத்தில் நின்றுவிடுகிறது. குட்டி இரைச்சலோ டயோடைத் தொடாமலே முழுசாக வளர்கிறது. பெருக்கத்தைக் கூட்டும் கெயின் குமிழைத் திருகத் திருக பாட்டு ஏறாது, சீறல் மட்டும் ஏறும்!

அதே 1 மெகா ஓமை பெடலின் உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போட்டால் கிட்டத்தட்ட வாயே திறக்காது, தெரியுமா? கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் சுருளின் சில கிலோ ஓம் அதன் சத்தத்தை விழுங்கிவிடும். சிக்னல் போகிற வழியில் தொடராகப் போட்டால் முழுச் சீறலும் உள்ளே! விலை கூடிய ஐசி தேடி அலைகிறவர்கள் முதலில் இந்த ஒரு ரெசிஸ்டரைப் பார்க்கலாம். முதல் கட்டத்தில் நுழைந்த சத்தத்தைத்தானே பின்னால் வரும் எல்லாக் கட்டமும் பெருக்குகிறது?

சீறல் வேறு, உறுமல் வேறு. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அடாப்டர் அதை நேராக்கும்போது 100 ஹெர்ட்ஸாகிறது. 9 வோல்ட் பேட்டரியை மாட்டியதும் உறுமல் போனால் திருடன் அடாப்டர்தான்! வழியில் 100 ஓம் ரெசிஸ்டர், அதன் பின்னால் கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்: அந்த உறுமல் ஆறில் ஒரு பங்காகிவிடும். செலவு? டீக்காசு!

பிக்கப்பே உறுமலைத் தின்னும், தெரியுமா? கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள். காந்தமும் எதிர், சுற்றும் எதிர். கம்பியின் ஒலி கூடும், காற்றில் வந்த உறுமல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும்!

பெடலில் ரேடியோ கேட்கிறதா? பேய் இல்லை. முதல் டிரான்சிஸ்டரே ரேடியோப்பெட்டி வேலை பார்க்கிறது! உள்ளீட்டில் 100 பைக்கோஃபாரட், சுற்றிலும் கிரவுண்டோடு சேர்த்த அலுமினியப் பெட்டி போதும்.

கிட்டார் கம்பியைத் தொட்டதும் உறுமல் அடங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? வீட்டு ஒயர்களின் உறுமலைப் பிடித்துப் பிக்கப்புக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஏரியல் நீங்கள்தான்! கம்பி கிரவுண்டோடு சேர்ந்தது. விரல் பட்டதும் நீங்களும் கிரவுண்ட்!