அடிக்க வேண்டாம் என்றும் சொல்லும் செயலி

பருத்தி போட்டவருக்கு இளஞ்சிவப்புக் காய்ப்புழுவைக் கண்ணில் காண்பதே பெரும்பாடு. முட்டையிலிருந்து வெளிவந்த கொஞ்ச நேரத்திலேயே அது காயைத் துளைத்து உள்ளே போய்விடும். போன வழியும் அடைபட்டுவிடும். வெளியே காய் பச்சைப்பசேலென்று நிற்கும், உள்ளே விதையும் பஞ்சும் வீணாகிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு அடிக்கிற மருந்து மண்ணுக்கும் காற்றுக்கும்தான் போகும், புழுவைத் தொடாது.

காய்ப்புழுக்களைத் தடுக்கத்தான், அவற்றைக் கொல்லும் மரபணு புகுத்திய பி.டி. பருத்தி வந்தது. இந்தியாவில் 2002-இல் அனுமதி, இரண்டு மரபணு கொண்ட ரகத்துக்கு 2006-இல். நாளடைவில் இளஞ்சிவப்புப் புழு இரண்டையும் தாங்கப் பழகிவிட்டது. தெளிப்பான் மறுபடி தோளேறியது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் மருந்து அடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தார்கள்.

எப்போது அடிப்பது என்பதைப் பல ஊர்களில் மருந்துக்கடைக்காரர்தான் சொல்கிறார். “இப்போது வேண்டாம்” என்று அவர் வாயால் கேட்பது அபூர்வம்!

மும்பையில் இயங்கும் வாத்வானி ஏஐ என்ற லாப நோக்கற்ற நிறுவனம் இந்த இடத்தில்தான் கைவைத்தது. அதன் ‘காட்டன்ஏஸ்’ செயலிக்கு 2019-இல் கூகுள் 20 லட்சம் டாலர் நிதி தந்தது. வேலை எளிது. பெண் பூச்சியின் வாசனையைப் போன்ற வாசனை ஏற்றிய துண்டு வைத்த இனக்கவர்ச்சிப் பொறி வயலில் தொங்கும். ஆண் அந்துப்பூச்சிகள் வந்து விழும். அவற்றை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டிக் கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும். சிறகு உதிர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பவற்றில் காய்ப்புழுவின் அந்து எது, வேறு பூச்சி எது என்று செயலி பிரித்து எண்ணுகிறது. எண்ணிக்கை அளவைத் தாண்டினால் மட்டுமே மருந்து. இல்லையென்றால் சும்மா இருக்கச் சொல்கிறது. சிக்னல் கிடைக்காத காட்டிலும் ஓடும்படி அதைச் சுருக்கியிருக்கிறார்கள். ஊருக்கு ஒரு முன்னோடி விவசாயி படம் எடுத்தால் போதும், அக்கம்பக்கத்தாருக்கும் தகவல் போய்ச் சேரும்.

இதே வழியில் மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியது. 61 பயிர்களும் 400-க்கும் மேற்பட்ட பூச்சிகளும் அதில் அடக்கம்.

ஆனாலும் பொறியில் விழுந்ததை மட்டுமே செயலி எண்ணும். வாசனை தீர்ந்த துண்டை மாற்றாவிட்டால் பொறி காலியாகத்தான் இருக்கும், செயலியும் ஆபத்தில்லை என்றே சொல்லும். அறுவடை முடிந்தும் பருத்திமாரைப் பிடுங்காமல் மாதக்கணக்கில் விட்டுவைத்தால், புழு அடுத்த பருவம் வரை அங்கேயே தங்கும். அதற்கு எந்தக் கணினியிடமும் மருந்து இல்லை.

செயலி இல்லாதவர்களும் அந்துப்பூச்சிகளை எண்ணி முடிவெடுக்கலாம். விதைத்த 45-ஆம் நாள் வாக்கில் ஏக்கருக்கு 2 பொறி வையுங்கள். தொடர்ந்து 3 நாள், பொறிக்கு 8 அந்துப்பூச்சி வீதம் விழுந்தால் மருந்தைப் பற்றி யோசியுங்கள். அதுவரை தெளிப்பானை இறக்கியே வையுங்கள்.