பத்தே நிமிடத்தில் 2.26 கோடி வெளியே... அப்புறம் நடந்தது தெரியுமா?

ஜெயித்துக்கொண்டிருக்கும் கபடி அணி, எதிரணியில் மிச்சமிருக்கும் ஒரே ஒரு ஆளை வேண்டுமென்றே அவுட் ஆக்காமல் விட்டுவைக்கும், தெரியுமா? சுரண்டை, ஆலங்குளம், கடையம் பக்கம் கோயில் கொடைக்குக் கபடி பார்க்கப் போனவர்கள் இந்தக் கூத்தைக் கவனித்திருக்கலாம். ஏழு பேரில் ஆறு பேர் வெளியே. ஒற்றை ஆள் தொடையைத் தட்டிக்கொண்டு நிற்பான். அவன் பாடி வந்தால், இந்தப் பக்கம் எல்லாரும் கடைசிக் கோடு வரை பின்வாங்கி நின்றுகொள்வார்கள். இவர்களுடைய ரெய்டர் அந்தப் பக்கம் போனாலும் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். "ஆல் அவுட் ஆக்குங்கடா!" என்று கூட்டம் கத்தும். ஆக்க மாட்டார்கள்!

ஏன்? கோட்டுக்கு வெளியே எதிரணியின் நட்சத்திர ரெய்டர் உட்கார்ந்திருக்கிறார். ஆல் அவுட் ஆக்கினால் இரண்டு புள்ளி கூடுதலாகக் கிடைக்கும்தான். ஆனால் ஏழு பேரும் மறுபடி உள்ளே வந்துவிடுவார்கள், அவரும் சேர்த்து! அதற்கு, ஓரிரு நிமிடத்தைக் கரைப்பதே லாபம்.

கபடி விதியே அப்படித்தான். அவுட் ஆனவர் தானாகத் திரும்ப முடியாது. கூட ஆடுகிறவர்கள் எதிரணியில் ஒருவரை வெளியேற்றினால்தான் இங்கே ஒருவர் உயிர்பெறுவார், அதுவும் வெளியேறிய வரிசைப்படி. போனஸ் புள்ளி எடுத்தால் கணக்கில் ஏறும், ஆள் வரமாட்டார்! ஆக, 40 நிமிட ஆட்டத்தில் ஒரு நட்சத்திரம் எவ்வளவு நேரம் உள்ளே இருப்பார் என்பது அவர் கையில் இல்லை. பேர் தெரியாத மற்ற ஆறு பேர் கையில் இருக்கிறது.

இப்போது ரெய்டர் பர்தீப் நர்வாலின் கதையைப் பாருங்கள். பிடிக்க வருகிறவர்கள் கைகோத்துச் சங்கிலி போட்டதும், இடுப்பை மடக்கித் தலையை அந்தக் கைகளுக்கு அடியில் நுழைத்து, முங்கி எழுந்ததுபோல நடுக்கோட்டுக்குப் பாய்வார். 'டுப்கி' என்று அதற்குப் பேர். 2017 புரோ கபடி சீசனில் பாட்னா பைரேட்ஸுக்காக அவர் எடுத்த ரெய்டு புள்ளிகள் 369! ஹரியானாவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 34, அதில் ஒரே ரெய்டில் 8! பாட்னாவுக்குத் தொடர்ந்து மூன்றாவது கோப்பை.

அதற்கடுத்த கதை பலருக்கு நினைவில்லை. 2019-இல் அவர் மறுபடி 302 புள்ளி குவித்தார். பாட்னா முதல் ஆறு இடங்களுக்குள்கூட வரவில்லை. 2021 ஏலத்தில் 1.65 கோடிக்கு அவர் யூ.பி. யோத்தாவுக்குப் போனார். பாட்னா கதை முடிந்தது என்றுதானே நினைப்போம்? அவர் இல்லாத அந்த முதல் சீசனிலேயே பாட்னா புள்ளிப்பட்டியலில் முதலிடம்! இறுதிப் போட்டியில் டெல்லியிடம் 36-37 என்று ஒற்றைப் புள்ளியில்தான் கோப்பையை விட்டார்கள். ரெய்டைப் பல பேர் பங்குபோட்டுக்கொள்ள, ஈரானிலிருந்து வந்த முகமதுரேசா ஷாத்லூயி இடது ஓரத்தில் நின்று கணுக்காலைக் கவ்வினார்.

நம்ம தமிழ் தலைவாஸ் கதை இதையும் மிஞ்சும்! முதல் மூன்று சீசன்களில் அஜய் தாக்கூர் என்ற பெரிய பேர் இருந்தும், முதல் இரண்டு முறை தங்கள் பிரிவில் கடைசி, மூன்றாம் முறை மொத்தப் பட்டியலிலேயே கடைசி. 2022 ஏலத்தில் ரெய்டர் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். அதுவரை கபடியில் யாருக்கும் கொடுக்காத தொகை. அக்டோபரில் முதல் ஆட்டம், குஜராத்துடன். ஏறக்குறைய பத்தாவது நிமிடத்தில் எதிரணி ரெய்டரைப் பிடிக்கப் போன பவனுக்கு முழங்கால் போனது. மீதி சீசன் முழுக்க அவர் ஆடவே இல்லை!

ஒன்றையே நம்புவது எப்படியிருக்கும் என்று குற்றாலத்துக் கடைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று சாரலைக் கொண்டுவந்தால் சீசன். வராத வருஷம் எண்ணெய்க் கடையிலும் துண்டுக் கடையிலும் ஈ ஓட்ட வேண்டியதுதான். தலைவாஸும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும்.

ஆகவில்லை! முதல் சீசன் ஆடவந்த நரேந்தர் 243 ரெய்டு புள்ளி எடுத்தார். நடுவில் பொறுப்பேற்ற பயிற்சியாளர் அஷன் குமார், சாகர் தலைமையில் பிடி ஆட்டத்தை இறுக்கினார். தலைவாஸ் வரலாற்றில் முதல் தடவையாக அரையிறுதி! அதற்கு முந்தைய எலிமினேட்டரில் எதிரே யார்? பர்தீப்பை வாங்கிய அதே யூ.பி. அணி. 36-36 சமன், டை-பிரேக்கரில் தலைவாஸ் வெற்றி. அரையிறுதியில் புனேயிடம் 37-39. பவன் ஆடியிருந்தால் இந்த நரேந்தருக்கு இத்தனை ரெய்டு கிடைத்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்த ஏலத்தில் தெலுகு டைட்டன்ஸ் பவனை 2.605 கோடிக்கு எடுத்தது, இன்னொரு சாதனைத் தொகை. அவர் குறை வைக்கவில்லை, 202 ரெய்டு புள்ளி எடுத்தார். டைட்டன்ஸ்? 22 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, கடைசி இடம்! அதே ஏலத்தில் ஷாத்லூயியை 2.35 கோடிக்கு எடுத்த புனே கோப்பையைத் தூக்கியது.

அதற்காக ஒற்றை ஆளால் கோப்பையே வராது என்று சொல்லிவிட முடியாது. 2019 ஜனவரி இறுதிப் போட்டியில் பெங்களூரு எடுத்த 38 புள்ளிகளில் 22 இதே பவனுடையது!

அமெரிக்கர்களின் ஃபுட்பாலிலும் இதே தலைவலி உண்டு. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடுகிறவரை அங்கே 'ரன்னிங் பேக்' என்பார்கள். ஒரே சீசனில் 2,000 கஜத்துக்கு மேல் ஓடியவர்கள் மொத்தமே ஒன்பது பேர். அந்த வருஷமே அணிக்கு சூப்பர் பௌல் கோப்பை கிடைத்தது இரண்டே பேருக்கு! 1984-இல் 2,105 கஜம் ஓடிச் சாதனை படைத்த எரிக் டிக்கர்சனின் அணி, முதல் நாக்-அவுட் ஆட்டத்திலேயே வீட்டுக்குப் போனது. 40 வருஷம் கழித்து பிலடெல்பியாவின் சேக்வான் பார்க்லி அந்தச் சாதனையை முறியடிக்க 101 கஜம்தான் பாக்கி, லீக்கில் ஒரு ஆட்டமும் பாக்கி. பயிற்சியாளர் அந்த ஆட்டத்தில் அவரை இறக்கவே இல்லை, ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார். சாதனை போனது. அடுத்த மாதம், 2025 பிப்ரவரியில், கோப்பை பிலடெல்பியாவுக்கு வந்தது!