நிணநீர் வீக்கமும் தடவற் சிகிச்சையும்

மாரி மழையினால் மட்டக்களப்பு வாவி பெருகுங்கால், முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிக் கடலுக்கு வழி திறந்துவிடுதல் எம் பகுதியினர் நன்கறிந்ததொன்று. வாய் அடைபட்டிருக்க, கரையோர வயல்களில் நின்று எத்துணை இறைத்தாலும் வெள்ளம் வடியாது. மனித உடலிலும் இத்தகைய வடிகால் ஒன்று உண்டு. அது தடைப்படுங்கால் உண்டாகும் வீக்கத்தையும், அதற்குச் செய்யப்படும் தடவலையும் பற்றி ஈண்டுச் சிறிது கூற விழைகின்றோம்.

குருதிக் குழாய்களிலிருந்து கசிந்து உடலின் இழையங்களை நனைக்கும் நீரில் ஒரு பகுதி நிணநீர்க் குழாய்களிற் சேர்கின்றது. இவ்வாறு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 இலீற்றர் வரை, கழுத்தடியிலுள்ள பெருநாளங்களை அடைந்து மீண்டும் குருதியோடு கலக்கின்றது. இதனைச் செலுத்த இதயம் போன்றதோர் உறுப்பு இல்லை. குழாய்ச் சுவர்களின் சுருக்கமும், தசைகளின் அசைவும், மூச்சும், பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வுகளுமே இதனை நடத்துகின்றன.

மார்பகப் புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சையில் அக்குள் நிணநீர்க்கணுக்கள் அகற்றப்பெற்றோர் சிலருக்குக் கை வீங்குகின்றது. யானைக்காலும் இவ்வினத்ததே. இலங்கையில் அந்நோய் மேற்கு, தெற்கு, வடமேல் மாகாணங்களிலேயே பெரிதும் காணப்பட்டது. 1947இல் தொடங்கப்பெற்ற யானைக்கால் தடுப்பு இயக்கத்தின் நெடுநாள் உழைப்பினால், அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையினின்றும் நீங்கிவிட்டதென 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. எனினும், புழு ஒழிந்தாலும், முன்னரே சிதைந்த வடிகால் தானே திருந்துவதில்லை.

டென்மார்க்குத் தேசத்தவரான எமில் வொடரும் அவர்தம் மனைவியார் எஸ்ட்ரிட்டும் 1930களிற் பிரான்சில் வகுத்த முறையே, இன்று பல நாடுகளிலும் கையாளப்படும் நிணநீர்த் தடவலுக்கு மூலமாகும். இது எண்ணெய் பூசி அழுத்தி உருவுவதன்று. நிணநீர் நுண்குழாய்கள் தோலுக்கு அணித்தாய் உள்ளமையால், தோலை மெல்ல இழுத்து விடுதலே போதும். நோவு உண்டாயின் முறை பிழைத்ததென்க. வீங்கிய இடத்திலே தொடங்காமல், கழுத்தையும் பழுதற்ற கணுக்கள் உள்ள இடங்களையும் முதலிலே தடவி, பின்னரே வீக்கத்தை அணுகுவர். முகத்துவாரத்தை முன்னே திறக்கும் அறிவே இங்கும் ஆளப்படுகின்றது.

இச்சிகிச்சையை நாடுவோர் மூன்று செய்திகளை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

முதலாவது, வீக்கம் யாவும் நிணநீர் வீக்கம் அல்ல. ஒரு கால் மட்டும் திடீரென நோவோடு வீங்கின், நாளத்திற் குருதி உறைந்திருத்தல் கூடும். அதனை உருவினால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்று உயிருக்கே கேடு விளைக்கலாம். செம்மையும் வெப்பமும் காய்ச்சலும் கூடிய வீக்கம் கிருமித் தொற்றைக் காட்டும். இதய, சிறுநீரக நோய்களாலும் கால் வீங்குவதுண்டு. ஆகவே வைத்தியர் காரணத்தை ஆராய்ந்து கூறுமுன் எவரும் தடவலுக்கு உடன்படலாகாது.

இரண்டாவது, தடவல் மட்டும் போதாது. அழுத்தக் கட்டும், அளந்து செய்த உறையும், அளவான பயிற்சியும், தோற் பராமரிப்பும் இன்றேல் வடிந்த நீர் மீண்டும் தேங்கும். மார்பகப் புற்றுநோய்க்குப் பின்வரும் கைவீக்கம் பற்றி 2015இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பும், அழுத்தக் கட்டோடு சேர்ந்த தடவல் சிலருக்கு மேலதிகப் பயன் தரலாம் என்ற அளவிலேயே கூறுகின்றது. நாள்தோறும் சவர்க்காரமிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, சிறு காயத்தையும் உடனே கவனித்தல் எவர்க்கும் இயல்வதே. வயலிலே சேற்றில் இறங்குவோர்க்கு இது மிகவும் இன்றியமையாதது.

மூன்றாவது, உடலின் நஞ்சையெல்லாம் அகற்றும், கொழுப்பைக் கரைக்கும் என்ற விளம்பரங்களை நம்பற்க. இத்தடவல் வீக்கத்தைத் தணிக்குமேயன்றி நோயின் மூலத்தை அறுக்காது.

வீங்கிய கையைச் சேலைத் தலைப்பால் மறைத்து, நாணத்தினாலே ஆண்டுக்கணக்கிற் காலங்கடத்தும் தாய்மார் எம் ஊர்களிலும் இருத்தல் கூடும். வீக்கம் மென்மையாய் இருக்குங் காலத்திலே தொடங்கும் சிகிச்சையே எளிதிற் பயன் தரும். தோல் தடித்து இறுகியபின் அது அரிதாகும். எனவே, இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் தத்தம் இல்லத்தாரிடம் இதனை எடுத்துரைத்து, காலந் தாழ்த்தாது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை யாம் பெற்றவராவோம்.