மடிக்குள் ஒரு பாய்லர்

வடசென்னைக் காலடிப்பேட்டையிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருந்தார். மகன் பி.காம். இரண்டாம் ஆண்டு. டேலி பழக வேண்டும், ப்ராஜெக்ட் எழுத வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு இரண்டு மணி நேரம் கேம் ஆட வேண்டும். கையில் இருப்பது 65,000 ரூபாய். "ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டோம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நம்பரைச் சொல்கிறார்கள். எந்த நம்பரைப் பார்த்து வாங்குவது?" என்று கேட்டிருந்தார்.

ராம், எஸ்.எஸ்.டி. பற்றியெல்லாம் மகனுக்கே தெரிந்திருக்கும். 16 ஜிபி, 512 ஜிபி, அதற்குக் கீழே இறங்க வேண்டாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரம் குடியிருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது வேறு. கடையில் லேப்டாப்பைக் கையில் கொடுத்ததும் திரையைப் பார்க்காதீர்கள், கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். காற்று எந்த வழியாக உள்ளே போகிறது, எந்த வழியாக வெளியே வருகிறது, அடிமூடியைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திறக்க முடியுமா? நம் பகுதியில் ஒரு லேப்டாப்பின் ஆயுளை முடிவு செய்வது இந்த மூன்றும்தான்.

காரணம் சொல்ல வேண்டுமென்றால், எனக்கு மிகவும் பிடித்த ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடிமூடியைத் திறந்தால், பிராசசரின் மேல் தொடங்கி விசிறி வரை வளைந்து போகும் செம்புக் குழாய் ஒன்று தெரியும். விரல் அகலம்கூட இருக்காது, தட்டையாக நசுக்கிவிட்டது போல இருக்கும். பலர் அதைக் கெட்டிச் செம்புப் பட்டை என்றே நினைக்கிறார்கள். நானும் முதன்முதலில் அப்படித்தான் நினைத்தேன். அது உள்ளீடற்ற குழாய். அதற்குள் தண்ணீர் இருக்கிறது. நாம் தட்டச்சு செய்யும்போதும் ஆட்டம் ஆடும்போதும் அந்தத் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கிறது.

இதன் பெயர் வெப்பக் குழாய். செய்யும்போதே உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஒரு கிராம் சுமாருக்குத் தண்ணீரை விட்டு, இரண்டு முனையையும் மூடிவிடுகிறார்கள். காற்று இல்லாத இடத்தில் தண்ணீர் கொதிக்க 100 டிகிரி தேவையில்லை. பிராசசர் பக்க முனை சற்றுச் சூடானாலே அங்கே நீர் ஆவியாகிவிடும். ஆவி குழாயின் நடுவழியே குளிர்ந்த முனைக்கு ஓடும். அங்கே மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக நிற்கும், பக்கத்தில் விசிறி சுழலும். ஆவி அங்கே தன் வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி நீராகும். குழாயின் உட்சுவரில் செம்புத்தூளைச் சுட்டு ஒட்டியிருக்கிறார்கள். அகல்விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அந்தத் தூள் நீரைப் பிராசசர் பக்கம் இழுத்துவிடும். பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது, தேயக்கூடிய பாகம் ஒன்றுகூடக் கிடையாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வேண்டும். ஒரு குழாய் 50 வாட் வெப்பத்தைச் சுமந்தால் நிமிடத்துக்கு 3,000 ஜூல். அதாவது நிமிடத்துக்கு ஒன்றேகால் கிராம் நீர் ஆவியாகிறது. உள்ளே இருப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். ஒவ்வொரு துளியும் நிமிடத்துக்கு ஒருமுறையாவது இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்த் திரும்புகிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேர ஆட்டத்தில் அதே நீர் நூறு தடவைக்கு மேல் கொதித்துக் குளிர்ந்திருக்கும்.

என் அப்பா மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் அட்டெண்டன்ட். பாய்லரில் ஏறும் ஆவி, தன் வேலையை முடித்துக் குளிர்ந்து நீராகி மறுபடி பாய்லருக்கே வரும் கதையைச் சோறு உண்ணும்போதெல்லாம் சொல்வார். அவருடைய பாய்லருக்கு அடுப்பும் பம்பும் மூன்று ஷிப்டு ஆட்களும் வேண்டும். அதே சுழற்சி ஒரு சாணுக்குள் ஆளில்லாமல் நடக்கிறது என்று அவருக்குக் காட்ட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இந்த யோசனைக்கு வயது அதிகம். ஜெனரல் மோட்டார்ஸின் ரிச்சர்ட் காக்லர் 1944-இல் குளிர்சாதனப் பெட்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் பயன்பாட்டுக்கு வரவில்லை. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர், விண்வெளிக்கான கருவிகளுக்காக மறுபடி கண்டுபிடித்து இந்தப் பெயரையும் வைத்தார். அலாஸ்காவின் நீண்ட எண்ணெய்க் குழாய் 1977-இல் ஓடத் தொடங்கியபோது, அதைத் தாங்கும் தூண்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வெப்பக் குழாய்களைச் செருகியிருந்தார்கள். தூணுக்கு அடியில் உறைந்த மண் இளகிவிடாமல் அவை காக்கின்றன. அவற்றுக்குள் இருப்பது நீர் அல்ல, அமோனியா. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து கசிந்து, மக்களைக் கைக்குழந்தைகளோடு தெருவில் ஓடவைத்த அதே அமோனியா. அடைத்து, காத்து, கண்காணித்தால் அது அரை நூற்றாண்டு அமைதியாக உழைக்கும்.

வெப்பக் குழாய் தன் பங்குக்கு எப்போதும் உழைக்கும். கெடுவது அதன் மறுமுனையில் இருக்கும் தகடுகள். புல்லட்டின் சிலிண்டரைச் சுற்றி நிற்கும் தகடுகளைத் திருவொற்றியூர்க்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பல பத்தாண்டுகள் என்ஃபீல்டு அங்கேதான் உருவானது. அந்தத் தகடுகளின் இடைவெளியில் சேறு அப்பிக்கொண்டால் எஞ்சின் எப்படிச் சூடேறும் என்று எந்த மெக்கானிக் பையனும் சொல்வான். லேப்டாப்பில் தகடுகளின் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்தான்.

அந்த ஒரு மில்லிமீட்டரில் நம் ஊர்க் காற்று என்ன செய்கிறது? எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் கரி, அனல்மின் நிலையங்களின் சாம்பல், இவற்றோடு கடல் உப்பு. காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானே நீரை உறிஞ்சிக் கசிய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் அம்மா வைத்திருந்த உப்பு ஜாடியின் வாய் நனைந்து நிற்கும், அதே வேலைதான். நம் கடற்கரையில் விடியற்காலைகளில் அந்த அளவு சாதாரணம். கோயம்புத்தூரில் லேப்டாப்புக்குள் போகும் தூசு தூசாகவே இருக்கும், ஊதினால் பறக்கும். இங்கே அது பசையாகித் தகடுகளில் ஒட்டிக் காய்கிறது. வெப்பம் வெளியேற வழி இல்லாமல் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. "ஒரு வருஷத்தில் ஸ்லோ ஆயிடுச்சு, வைரஸ் போல" என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இந்தப் பசைதான் என்பது என் அனுபவம்.

நம்பருக்கு வருகிறேன். கிராபிக்ஸ் கார்டின் பெயர் மட்டும் போதாது. ஆர்.டி.எக்ஸ். 4050 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலும் வருகிறது, 115 வாட்டிலும் வருகிறது. பாய்லரின் மேல் பொறித்த அழுத்தம் வேறு, அது ஓடும் அழுத்தம் வேறு என்று அப்பா சொன்னது இதற்கும் பொருந்தும். ஸ்டிக்கரில் அந்த எண் இருக்காது. நிறுவனத்தின் வலைத்தளத்தில், அந்த மாடலின் பக்கத்தில் "டி.ஜி.பி." என்று தேடுங்கள். இந்த மகனைப் பொறுத்தவரை எனக்கு இன்னொரு எண்ணம். அவன் ஆடுவது வாலரன்ட் போன்ற இலகுவான ஆட்டமென்றால் தனி கிராபிக்ஸ் கார்டே வேண்டாம். இன்றைய பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸே சமாளிக்கும். ஒரு நிபந்தனை: அது ராமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது, ஆகவே 16 ஜிபி ஒரே துண்டாக இல்லாமல் 8 ஜிபி, 8 ஜிபி என இரண்டு ஸ்லாட்டிலும் இருக்க வேண்டும். தனி கார்டு இல்லையென்றால் வெப்பமும் குறைவு, நம் ஊருக்கு அது நல்லது. மிச்சமாகும் பணத்தை நல்ல திரைக்குப் போடுங்கள். கணக்கு எழுதுகிற கண்ணுக்கு அது பெரிய உதவி.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதும் கௌரவக் குறைவு அல்ல. கம்பெனிகள் கழித்த திங்க்பேட், லாட்டிட்யூட் வகைகள் எளிதாகத் திறந்து சுத்தம் செய்யும்படி வடிவமைத்தவை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், அடுத்த விண்டோஸ் ஓட வேண்டும்; இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

2011 செப்டம்பரில் தொடங்கிய அரசுத் திட்டத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் வந்தன. எத்தனையோ வீட்டில் முதல் கணினி அதுதான். எங்கள் தெருவிலும் பல இருந்தன. பீரோவுக்கு மேலே துணி சுற்றிக் கிடந்த சிலவற்றைக் கேட்டு வாங்கித் திறந்து பார்த்திருக்கிறேன். பலகையில் பழுதில்லை, பேட்டரி இறந்திருந்தது, தகடுகள் கம்பளி போல அடைத்திருந்தன. புளோயரும் ஒரு பொட்டு தெர்மல் பேஸ்ட்டும் போட்டதில் இரண்டு எழுந்துவிட்டன. மிக்ஸி பிளேடைச் சாணை பிடிக்கிறோம், சைக்கிளுக்கு எண்ணெய் விடுகிறோம். ஒரு குடும்பத்தின் இரண்டு மாதச் சம்பளம் விழுங்கிய பொருளை மட்டும் ஏன் திறந்துகூடப் பார்ப்பதில்லை? மெத்தைமேல் வைத்துப் படம் பார்ப்பது இன்னொரு கொடுமை. அடிப்பக்கத் துவாரத்தை அந்த மெத்தை முகத்தில் தலையணை அழுத்துவது போல அடைக்கிறது. ஒரு முறம் கவிழ்த்து அதன்மேல் வைத்தால்கூடப் போதும்.

அம்மா, மகனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். அவன் ஆடும் ஆட்டத்தை இருபது நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள், நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். காற்று வெளியேறும் பக்கம் உள்ளங்கையை வையுங்கள். அனல் வேகமாகக் கையில் அடித்தால் குழாயும் விசிறியும் ஒழுங்காக வேலை செய்கின்றன. விசிறி கத்தியும் கையில் சூடு தெரியாமல் விசைப்பலகை மட்டும் கொதித்தால் அந்த மாடல் வேண்டாம். வாங்கிய பிறகு வருஷத்துக்கு ஒருமுறை திறந்து ஊதச் சொல்லுங்கள். வாரண்டி இருக்கும்வரை சர்வீஸ் சென்டரில், அதன் பிறகு அவனே. நான் போகி கழிந்த வாரத்தில் செய்கிறேன். நம் பக்கத்தில் அன்று எரியும் டயர்ப் புகையெல்லாம் அதற்குள் உள்ளே வந்து படிந்திருக்கும்.