மாடி வீட்டுப் பூனையும் அதன் மண்தொட்டியும்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் காகத்திற்கும் பூனைக்கும் என்றும் பஞ்சமிருந்ததில்லை. அங்கிருந்தும் சுற்றுப்புறத் தெருக்களிலிருந்தும் இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் இல்லங்களுக்குள் வந்து சேர்ந்த பூனைகள் பல. எலிக்கு அஞ்சி ஏற்கப்பட்ட பூனை, சில திங்களில் பிள்ளைகளின் செல்லமாகிவிடுகிறது. பிறகு யார் அதை வெளியே விடுவது?

கழிவை மண்ணில் புதைத்து மூடுவது பூனையின் பிறவிக் குணம். கொல்லைப்புறம் இருந்த நாளில் இது எவருக்கும் தொல்லையாய் இருந்ததில்லை. மழைக்காலத்தில் விறகடுப்புச் சாம்பலை ஒரு தகரத் தட்டில் கொட்டி வைப்பார்கள், அது போதும். இன்றோ அடுப்பில் சாம்பலில்லை, மூன்றாம் மாடியில் மண்ணில்லை. ஆகவே கடையில் பையிலிட்டு விற்கும் களிமண் குருணையை வாங்குகிறோம்.

இக்குருணையின் வரலாறு 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்குகிறது. பனியில் தன் மணற்குவியல் உறைந்துபோனதால், பூனைக்கு மணல் கேட்டு வந்தார் அயல்வீட்டுப் பெண்மணி ஒருவர். தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்ச வைத்திருந்த களிமண்ணை அவருக்குக் கொடுத்தனுப்பினார் எட்வர்டு லோ என்பவர். அதுவே பெருந்தொழிலாயிற்று. பின்னாளில் வந்ததுதான், நனைந்தவுடன் கட்டியாகும் பென்டோனைட் களிமண். நம் நாட்டில் அது குஜராத்தின் கட்ச் பகுதியில் மிகுதியாக வெட்டியெடுக்கப்படுகிறது. பூமியைத் தோண்டி எடுத்து, சில நாள் தொட்டியில் வைத்து, குப்பைக்கு அனுப்புகிறோம். அது மக்குவதில்லை. கழிப்பறையில் கொட்டினாலோ நீரில் பன்மடங்கு ஊதிக் குழாயை அடைத்துவிடும்.

குப்பைக்கு அனுப்புகிறோம் என்றோமே, அது எங்கே செல்கிறது? வடசென்னையின் குப்பை கொடுங்கையூருக்குச் செல்கிறது. 300 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த மேட்டின் புகையைச் சுவாசிப்பவர்கள் நம் அயலார். சில வேளை நம் உறவினரே. பல்லாண்டுகளாகக் குவிந்ததை இப்பொழுது தோண்டிப் பிரித்து அகற்றும் பணி நடைபெறுகிறது. அதன்மேல் மக்காத மண்ணையும் நாம் சேர்ப்பானேன்?

வேறு வழிகள் உண்டு. மரம் அறுக்கும் பட்டறையின் மரத்தூள் மலிவானது. ஆயின் பசை கலந்த பிளைவுட் தூளாக இருத்தலாகாது. நுண்பொடியைச் சலித்து நீக்குவது பூனையின் மூச்சிற்கு நல்லது. தேங்காய் நார்த்தூளோ நீரை வெகுவாக உறிஞ்சும். மாடித்தோட்டத்திற்கென அழுத்திய கட்டியாக விற்கிறார்கள். நனைத்து உதிர்த்து, நன்கு உலர்த்திப் பயன்படுத்தலாம். இரண்டும் இல்லையேல் கிழித்த செய்தித்தாள்.

கடற்கரை மணலை அள்ளிவர வேண்டாம். துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் வடக்கே கடல் கரையைத் தின்று, திருவொற்றியூரில் வரிசை வரிசையாய்ப் பாறாங்கற்கள் கொட்டப்பட்டிருப்பதை நாம் அறிவோம். எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பலையும் வீட்டிற்குள் கொணரலாகாது. பாட்டியின் அடுப்புச் சாம்பலும் அதுவும் ஒன்றல்ல. கொசஸ்தலை ஆற்றை அது என்ன செய்தது என்று மீனவரைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி, யாவரும் கவனிக்க வேண்டிய ஒன்று. பச்சை இறைச்சியோ எலியோ தின்ற பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி இருக்கக்கூடும். கருவுற்ற தாய்க்கு அது முதன்முறையாகத் தொற்றினால் குழந்தையின் கண்ணையும் மூளையையும் தாக்கலாம். இதற்காகப் பூனையைத் தெருவில் விட வேண்டியதில்லை. வெளிவந்த மலம் தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஆகவே நாள்தோறும் அகற்றினால் பேரளவு அச்சம் நீங்கும். அவ்வேலையைக் கணவர் ஏற்கட்டும். கருவுற்ற மனைவி தொட்டியைச் சுத்தம் செய்ய, கணவர் நாளிதழ் படித்திருக்கும் வீடு நமக்கு உவப்பானதல்ல.

சில வகைக் குருணையைக் கழிப்பறையிலேயே கரைக்கலாம் என்று பையில் அச்சிட்டிருக்கிறார்கள். அதை நம்பலாகாது. இந்நுண்ணுயிரியின் முட்டைகள் குளோரினுக்கும் சாவதில்லை. கலிபோர்னியாவில் கடல் நீர்நாய்கள் இதனால் மடிந்ததை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். நம் சாக்கடையும் மழைநீர்க் கால்வாயும் கடைசியில் சேருமிடம் கடல்தான்.

எனவே மலத்தைத் தனியே எடுத்து, பழைய செய்தித்தாளில் இருமடிப்பாய்ச் சுற்றி, இன்னதென்று தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுப்பதே முறை. சமையற்கழிவோடு கலந்துவிட்டால் அதைக் கையால் பிரிப்பவர் அவரே. சிறுநீரில் நனைந்த மரத்தூளையும் நார்த்தூளையும் பல திங்கள் மக்கவைத்துப் பூச்செடிக்கு இடலாம். கீரைக்கும் புதினாவுக்கும் கூடாது.

புதிய தூளைப் பூனை முதல் நாளே ஏற்காது. மோந்து பார்த்துவிட்டுக் கட்டிலடிக்குப் போகும். பழைய குருணையோடு சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு வாரத்தில் மாற்றுங்கள். பிடிவாதமான பூனையாயின் இரண்டு வாரம்.