உருவப்படத்தில் பெயரும் பொதுமையும்: அகப்புற மரபுவழி ஒரு நோக்கு

முன்னுரை

1839இல் பாரிசில் உலகிற்கு அறிவிக்கப்பெற்ற ஒளிப்படக்கலை, இருபது ஆண்டுகளுக்குள் சென்னை மாகாணத்திலும் வேரூன்றியது. உருவப்படத்தில் உள்ளவர் எந்நாட்டவராயினும் காண்போர் அவர் முகத்தில் தம்மைக் காண்பர் என்பது இக்கலை குறித்து நிலவும் பொதுக்கருத்து. ஆயின், மானுட ஒருமையை உணர்த்த முகம் மட்டுமே போதுமா என்னும் வினா எழுகிறது. தமிழ்ப் பொருளிலக்கண மரபை அளவுகோலாகக் கொண்டு மூவகை உருவப்படங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயர் சுட்டலும் சுட்டாமையும்

அன்பின் ஐந்திணையில் ஒருவரது பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பிய விதி. தலைவி பெயரற்றவள், ஆயினும் குரலற்றவள் அல்லள். அவள் வாழும் நிலமும் பொழுதும் முதற்பொருளாகவும், சூழலிலுள்ள மரமும் பறவையும் தொழிலும் கருப்பொருளாகவும் அமைகின்றன. புறத்திணையோ பெயர் சுட்டுவது. வீழ்ந்த வீரனின் பெயரும் பெருமையும் நடுகல்லில் பொறிக்கப்பட்டன. எனவே ஒருவரைப் பெயரின்றிப் பொதுமையாக்குவதும் பெயரிட்டு நிலைநிறுத்துவதும் ஆகிய இரண்டுமே தமிழ் மரபில் மனிதரை மதிக்கும் வழிகளாகும்.

வகைமாதிரிப் படங்கள்

வாட்சன், கே ஆகியோர் பதிப்பித்த ‘இந்திய மக்கள்’ எட்டுத் தொகுதிகள் 1868 முதல் 1875 வரை வெளிவந்தன. எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையுடன் உருவாக்கிய ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. தலை, மூக்கு ஆகியவற்றின் அளவுகளையும் தர்ஸ்டன் திரட்டினார். இத்தகைய தொகுப்புகளில் பெரும்பாலும் படத்தில் உள்ளவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் குலப்பெயர் நிற்கிறது. அகமரபின் பெயரின்மை உணர்வைப் பொதுவாக்குகிறது. இங்குள்ள பெயரின்மை மனிதரை வகைமாதிரியாக்குகிறது. பெயரோடு குரலும் நீங்கியதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

ஒரே குடும்பம் என்னும் காட்சி

எட்வர்ட் ஸ்டைக்கன் ‘மனிதக் குடும்பம்’ என்னும் கண்காட்சியை 1955இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அமைத்தார். அதில் 68 நாடுகளைச் சார்ந்த 503 ஒளிப்படங்கள் இடம்பெற்றன. பிறப்பு, காதல், உழைப்பு, இறப்பு என அவை தொடுக்கப்பட்டமை அகமரபின் பொதுமைக்கு நெருக்கமானது. எனினும் இக்கண்காட்சி வரலாற்றை மறைத்து அனைத்தையும் இயற்கையாக்கிவிடுகிறது என ரோலான் பார்த் மறுத்தார். பிறப்பு அனைவர்க்கும் பொதுவே. பிறந்த குழந்தை பிழைக்குமா என்பது அனைவர்க்கும் பொதுவன்று. தமிழ் மரபின் சொற்களிற் கூறின், இங்கு உரிப்பொருள் எஞ்சியது. முதலும் கருவும் மங்கின.

ஒருமை என்பது வேறுபாட்டை நீக்குவதன்று. சங்கரன்கோவில் சங்கரநாராயணர் திருவுருவம் இதற்குத் தக்க சான்று. வலப்பாகம் சிவனுக்கும் இடப்பாகம் திருமாலுக்கும் உரிய அடையாளங்களோடு திகழ, உருவம் ஒன்றாகவே நிற்கிறது.

ஸ்டூடியோப் படங்கள்

தமிழகத்து ஸ்டூடியோக்களில் எடுக்கப்பெற்ற குடும்பப் படங்கள் மேற்கண்ட இரண்டினின்றும் வேறுபட்டவை. உடையையும் அணியையும் உடன் நிற்போரையும் தேர்வதில் படம் எடுத்துக்கொள்வோர்க்கும் பங்குண்டு. திரையில் தீட்டிய மாளிகையின் முன் உழவர் குடும்பமும் நிற்கலாம். அது பொய்த்தோற்றம் அன்று, தாம் எவ்வாறு காணப்பட வேண்டும் என்னும் விழைவின் வெளிப்பாடு. மறைந்தோர் படத்திற்கு மாலையும் பொட்டும் இட்டுப் போற்றும் வழக்கம் நடுகல் வழிபாட்டை நினைவூட்டுகிறது. வேற்றுப் பண்பாட்டினரும் இங்கு உணரத்தக்க பொதுமை, முகச்சாயலில் அன்று, நினைக்கப்பட வேண்டும் என்னும் இவ்விழைவிலேயே உள்ளது.

முடிவுரை

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணக் காப்புத் திட்டத்தின் ஆதரவுடன், பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களை மின்னாக்கம் செய்துள்ளது. இத்தகைய பணிகளில் படத்தைக் காப்பதோடு அதன் பெயர், உறவு, ஊர், காலம் ஆகியவற்றையும் குடும்பத்தாரின் இசைவுடன் பதிவுசெய்தல் இன்றியமையாதது. படத்தில் உள்ளவர் இன்னாரென அறிந்த முதியோர் மறைந்தபின் அச்செய்திகளை மீட்க இயலாது. பெயர் இழந்த பாட்டியின் படம் ‘தமிழ்ப் பெண், இருபதாம் நூற்றாண்டு’ என்னும் குறிப்புடன் காப்பகத்தில் எஞ்சுமாயின், தர்ஸ்டன் தொகுதிகளின் வகைமாதிரியாகவே அவரும் ஆகிவிடுவார். மானுடப் பொதுமை பெயரை அழித்துப் பெறுவதன்று; பெயரையும் நிலத்தையும் காலத்தையும் அறிந்தபின் உணரப்படுவது.